பெர்லினுக்குத் தனியாகப் போகலாமா?

மாக்டெபுர்க்கில் முதுகலை படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பெர்லின் போன அன்று உங்களுக்குப் பகுதிநேர வேலை இருந்தது, இப்போது கூட வர ஆளில்லை, ஒரு பெண் தனியாகப் போவது பாதுகாப்பா, எவ்வளவு செலவாகும், ஜெர்மன் தெரியாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் நேரடியான பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில் ‘நாள் முழுக்கத் தனியா அங்கே என்னதான் பண்றது’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களைத் தடுத்துக்கொண்டிருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும். நான் ஜெர்மனியில் நகரத் திட்டமிடல் படித்தவன், அதே துறையில் இங்கேயே வேலை பார்க்கிறேன், புதிதாக வரும் மாணவர்களோடு பெர்லினில் நடப்பது பல வருடமாக என் வார இறுதிப் பழக்கம். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. மாக்டெபுர்க்கிலிருந்து பெர்லினுக்கு வண்டி மாறவே வேண்டாம். ஆர்இ 1 என்ற வட்டார ரயில் பிராண்டன்புர்க், போட்ஸ்டாம் வழியாக வந்து பெர்லினுக்குள் ட்ஸூ, மத்திய ரயில் நிலையம், ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ, அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் என்று வரிசையாக நிற்கும். பயணம் ஒன்றே முக்கால் மணி நேரம் போல ஆகும். டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருந்தால் இந்த ரயிலும் பெர்லினுக்குள் ஓடும் எஸ்-பான் (நகர ரயில்), ஊ-பான் (சுரங்க ரயில்), டிராம், பேருந்து எல்லாமும் அதிலேயே அடங்கிவிடும். ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர வண்டிகளில் மட்டும் அது செல்லாது. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய அந்தச் சீட்டு 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இதையே குறைந்த விலையில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துத் தருகிறார்கள், சிலவற்றில் அந்த மாநிலத்துக்கு அல்லது நகரத்துக்கு மட்டும் செல்லும் சீட்டுதான் தருவார்கள், அதனால் உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். தனியாக வாங்குவதாக இருந்தால் அது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா. அடுத்த மாதம் வேண்டாம் என்றால் இந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், அதனால் படம் உள்ள அடையாள அட்டை கையில் வேண்டும்.

பெர்லின் நிலையங்களில் சென்னை மெட்ரோ மாதிரி தானியங்கிக் கதவு கிடையாது. நேராக நடந்து போய் வண்டியில் ஏறிவிடலாம். அதனாலேயே புதிதாக வருகிறவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். பரிசோதகர்கள் சாதாரண உடையில் ஏறுவார்கள், வண்டி கிளம்பிய பிறகுதான் அட்டையைக் காட்டுவார்கள், சீட்டு இல்லாவிட்டால் 60 யூரோ. காகிதச் சீட்டு வாங்கியிருந்தால் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், குத்தாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம்தான். மொழி தெரியாது, புது ஆள் என்று சொல்லி யாரும் தப்பித்து நான் பார்த்ததில்லை.

செலவு? டிக்கெட் கையில் இருந்தால் முதல் தடவைக்கு இருபது இருபத்தைந்து யூரோ தாராளம். நான் கீழே சொல்லப்போகும் இடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு ஃபலாஃபல் அல்லது டோனர் கெபாப் ஏழெட்டு யூரோ, ஒரு காபி, ஒரு பாட்டில் தண்ணீர். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம் என்பதால் வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துப் போனால் அந்தக் காசும் மிச்சம். சின்னக் கடைகள் பலவற்றில் கார்டு வாங்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் ரொக்கமும் கழிப்பறைக்குச் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்இ ரயிலில் கழிப்பறை உண்டு, எஸ்-பானிலும் ஊ-பானிலும் கிடையாது. சின்ன விஷயம்தான், ஆனால் தனியாகச் சுற்றும்போது பையை யாரிடமும் விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். பெர்லினில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது சரி. அவர்களுக்கு இடம் முக்கியமில்லை, பேச்சும் படமும் முக்கியம். தனியாகப் போகிறவர் பிராண்டன்புர்க் வாசலுக்கு முன்னால் போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார், சுற்றிலும் எல்லோரும் யாரையோ படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அடுத்து என்ன என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வியோடு சேர்ந்துதான் தனிமை வருகிறது. புது மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நடந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை, இடத்துக்கு இடம் தாவி நடுவில் நிற்கும்போதுதான் வருகிறது. அதனால் இடங்களைப் பிடித்துப் போகாமல் ஒரு கோட்டைப் பிடித்துப் போங்கள். ஒரு ரயில் பாதையோ ஒரு பழைய எல்லையோ ஒரு கால்வாயோ எதுவானாலும் சரி. கோடு இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, அது உங்களை அழைத்துக்கொண்டு போகும், வழியில் வருவதைப் பார்க்கலாம். பெர்லின் அதற்கென்றே அமைந்த ஊர் மாதிரி. ஒரு காலத்தில் கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் ஓடிய தடம் நகரத்தின் நடுவில் பல இடங்களில் தரையில் இரட்டை வரிசைக் கல்லாகப் பதிக்கப்பட்டிருக்கிறது, சாலை நடுவே, நடைபாதை குறுக்கே, சில இடங்களில் கட்டடத்தின் அடியில் போய் மறையும்.

முதல் நாளுக்கு நான் எப்போதும் சொல்லும் பாதை இது. ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் இறங்குங்கள். நிலையத்துக்கு வெளியே, ஆற்றுப் பக்கமாக, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மண்டபம் இருக்கும். 1962இல் கட்டியது. மேற்கு பெர்லினுக்குத் திரும்பிப் போகிறவர்களைக் கிழக்கு ஜெர்மன் அதிகாரிகள் சோதித்து அனுப்பிய இடம். வழியனுப்ப வந்த உறவினர்கள் வாசலிலேயே நின்றுவிட வேண்டும், அதனால் மக்கள் அதைக் கண்ணீர் மாளிகை என்று அழைத்தார்கள். இப்போது உள்ளே கண்காட்சி, இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. பாஸ்போர்ட் பார்த்த அந்தக் குறுகலான சந்துக்குள் இப்போதும் நடந்து போகலாம். விசா நேர்காணல், விமான நிலைய வரிசை எல்லாம் தாண்டி வந்திருக்கும் உங்களுக்கு அந்தச் சந்து எப்படியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த நிலையத்துக்கும் தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கிளம்பிய ஆயிரக்கணக்கான தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களை வழிப்பயணிகளாக விட்டது. ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ வந்து எஸ்-பானில் ஏறினால் சில நிமிடத்தில் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனையே இல்லை, ஏனென்றால் பெர்லினைப் பிரித்த அந்தக் கோட்டை ஒரு நாட்டு எல்லையாக ஏற்க மேற்கு ஜெர்மனி மறுத்தது, ஏற்காத எல்லையில் எப்படிச் சோதனைச் சாவடி போடுவது? அப்படி வந்து மேற்கில் தஞ்சம் கேட்டார்கள். 1985இல் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, போகும் நாட்டு விசா இல்லாத தமிழர்களை விடுவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியது, அடுத்த வருடம் மற்ற நாட்டினருக்கும் அந்த வழி அடைபட்டது. ஜெர்மனியில் இன்று நீங்கள் பார்க்கும் ஈழத்தமிழ்க் கடைகள், கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள் இவற்றின் தொடக்கத்தில் இந்த நடைமேடையும் ஒன்று. மொழியும் தெரியாமல், கையில் முகவரியும் இல்லாமல் இதே படிகளில் ஏறியவர்கள் அவர்கள். முதல்முறை போகும் எல்லா மாணவர்களிடமும் இதை நான் சொல்லிவிடுவேன், சொல்லாமல் அந்த நிலையத்தைக் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

அங்கிருந்து வடக்கே போகும் எஸ்1 அல்லது எஸ்2 பிடித்து இரண்டாவது நிறுத்தம், நோர்ட்பான்ஹோஃப். நகரம் பிரிந்திருந்த காலத்தில் மேற்கு பெர்லினுக்குள் ஓடிய சில வண்டிகள் கிழக்கின் அடியில் புகுந்து போக வேண்டியிருந்தது. நடுவில் உள்ள நிலையங்களை மூடிவிட்டார்கள். மங்கலான வெளிச்சத்தில் காவலர்கள் நிற்க, வண்டி நிற்காமல் மெதுவாகக் கடந்து போகும். அப்படி மூடிக் கிடந்த நிலையங்களில் ஒன்றுதான் இது, நிலையத்துக்குள்ளேயே அதைப் பற்றிப் படங்களும் குறிப்புகளும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் இருக்கும். மேலே ஏறினால் பெர்னாவர் ஸ்ட்ராஸ தொடங்குகிறது, சுமார் 1.4 கிலோமீட்டருக்கு சுவரின் நினைவிடமாக அந்தத் தெரு முழுவதையும் வைத்திருக்கிறார்கள், திறந்த வெளி, கட்டணம் இல்லை. 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி சுவர் எழுந்தபோது இந்தத் தெருவில் ஒரு விசித்திரம்: ஒரு பக்க வீடுகள் கிழக்கில், அவற்றின் வாசற்படிக்கு முன்னால் உள்ள நடைபாதை மேற்கில். வாசலை அடைத்தார்கள், மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள், கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆகஸ்ட் 22ஆம் தேதி மூன்றாவது மாடியிலிருந்து குதித்த இடா ஸீக்மன் பிழைக்கவில்லை, சுவரால் இறந்த முதல் ஆள் அவர். 1989 நவம்பர் 9ஆம் தேதி சுவர் திறக்கும் வரை குறைந்தது 140 பேர். அவர்களுடைய படங்களை ஒரு நீளச் சட்டகத்தில் ஜன்னல் ஜன்னலாக வைத்திருக்கிறார்கள், அதில் சின்னக் குழந்தைகளும் உண்டு.

தனியாகப் போவதால் கிடைக்கும் நல்லது இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும். கூட்டத்தோடு போனால் இருபது நிமிடத்தில் ‘சரி, அடுத்து எங்கே’ என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் ஒரு பலகைக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், பிடிக்காததைத் தாண்டிப் போகலாம். இரண்டு சுவர்களுக்கு நடுவில் காவல் போட்டிருந்த வெற்று நிலத்தைச் சாவுப் பட்டை என்பார்கள், அதில் நின்றுகொண்டிருந்த தேவாலயத்தை 1985இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டு நான்கே வருடத்தில் சுவரே போய்விட்டது. அதே இடத்தில் 2000இல் மண்ணை இடித்து இறுக்கிய சுவர்களால் ஒரு சின்ன வழிபாட்டுக் கூடம் கட்டினார்கள், பழைய தேவாலயத்தின் இடிபாடுகளை உடைத்து அந்த மண்ணோடு கலந்திருக்கிறார்கள், பக்கத்தில் ரை என்ற தானியம் விளைகிறது. உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த மதத்தவரும் உட்காரலாம். எதிர்ப்புறம் உள்ள பார்வைக் கோபுரத்தில் ஏறினால் இரண்டு சுவர்களும் நடுவில் உள்ள வெற்று நிலமும் அப்படியே தெரியும்.

இதற்குப் பிறகு வெளிச்சம் வேண்டும் போல இருக்கும். பெர்னாவர் ஸ்ட்ராஸ நிலையத்தில் ஊ8 பிடித்து வடக்கே இரண்டு நிறுத்தம், கெசுண்ட்ப்ருன்னன். அங்கே எஸ்41 ஏறுங்கள். இது ரிங்பான், 37 கிலோமீட்டர், 27 நிலையம், ஒரு மணி நேரத்தில் நகரத்தைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். எஸ்41 கடிகாரம் சுற்றும் திசை, எஸ்42 எதிர்த்திசை. 1877இல் முழு வட்டமான பாதை, 1961இல் சுவரால் வெட்டுப்பட்டு, திரும்பவும் முழுதாகச் சேர்ந்தது 2002இல்தான். சுவர் விழுந்தது ஒரே இரவில், ஒரு ரயில் பாதையை ஒட்ட வைக்க அதற்குமேல் பன்னிரண்டு வருடம் பிடித்திருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது முக்கியமான கணக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் நகரம் கட்டப்பட்ட காலங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஷோன்ஹவுஸர் அலே பக்கம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் ஐந்து மாடிக் கட்டடங்கள், அவை 1862இல் பொறியாளர் ஹோப்ரெஹ்ட் போட்ட வரைபடத்தின் மேல் எழுந்த வாடகைக் குடியிருப்புகள். லாண்ட்ஸ்பெர்கர் அலே வந்தால் கிழக்கு ஜெர்மனி தொழிற்சாலையில் பலகை பலகையாக வார்த்து அடுக்கிய உயரமான வீடுகள். ஓஸ்ட்க்ராய்ட்ஸ் தாண்டினால் ஷ்ப்ரே ஆறு. இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். மேற்கு பெர்லின் 1967க்குள் டிராம்களை எடுத்துவிட்டது, கிழக்கு வைத்துக்கொண்டது. அதனால் சாலையில் டிராம் தண்டவாளம் தெரிந்தால் நீங்கள் பெரும்பாலும் பழைய கிழக்கில் நிற்கிறீர்கள். பெரும்பாலும்தான், ஏனென்றால் பிறகு சில பாதைகளை மேற்குக்குள்ளும் நீட்டியிருக்கிறார்கள்.

நொய்க்யோல்ன் நிலையத்தில் இறங்கி ஊ7இல் தெற்கே இரண்டு நிறுத்தம் போனால் ப்ளாஷ்கோஅலே. பக்கத்திலேயே ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில், 2013இல் திறந்தது. காலையில் ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் பார்த்த கதையின் தொடர்ச்சி என்றே எனக்குத் தோன்றும், அதனால்தான் பாதையில் சேர்க்கிறேன். நடை சாத்தும் நேரம் உண்டு, முன்பே பார்த்துவிட்டுப் போங்கள். கோயில் வேண்டாம் என்றால் ரிங்பானிலேயே இன்னும் இரண்டு நிறுத்தம் தாண்டி டெம்பல்ஹோஃப். 2008இல் மூடிய விமான நிலையம், 2010இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதை அப்படியே கிடக்கிறது, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு அதன்மேல் நடக்கலாம், சைக்கிள் விடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள், தோட்டம் போட்டிருக்கிறார்கள். 1948இல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குத் தரைவழியை அடைத்தபோது மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. ஓரங்களில் வீடு கட்ட அரசு திட்டம் போட்டது, 2014இல் வாக்கெடுப்பு நடத்தி மக்கள் தடுத்துவிட்டார்கள். வீட்டு வாடகை ஏறி நிற்கும் இந்த ஊரில் அது சரியான முடிவா என்று திட்டமிடுபவர்களுக்குள்ளேயே இன்றும் சண்டை. நான் அந்த மைதானம் காலியாகவே இருக்கட்டும் என்கிற கட்சி. மறுபக்கம் வெளியே வந்தால் ஊ8 இருக்கிறது, நேராக அலெக்ஸாண்டர்பிளாட்ஸ், அங்கே உங்கள் ஆர்இ 1.

பாதுகாப்பு பற்றி. பகலில், மேலே சொன்ன பாதையில், தனியாக ஒரு பெண் போகலாமா என்றால் தயங்காமல் போகலாம் என்பேன், அங்கே நாள் முழுக்கத் தனியாக நடக்கும் பெண்களை எல்லா வயதிலும் பார்ப்பீர்கள். ஜேப்படி உண்டு, அலெக்ஸாண்டர்பிளாட்ஸிலும் கூட்டமான வண்டிகளிலும் பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை நீட்டிக் கையெழுத்து கேட்பவர்கள், தரையில் டப்பா உருட்டிப் பந்தயம் கட்டச் சொல்பவர்கள், இரண்டு தரப்பிடமும் நிற்காதீர்கள். கோட்புஸர் டோர், கோர்லிட்ஸர் பூங்கா இவற்றில் போதைப்பொருள் வியாபாரம் வெளிப்படையாகவே நடக்கும், முதல் தடவை இருட்டில் அங்கே போக வேண்டாம். அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110. நடைமேடைகளில் உதவி கேட்கும் தூண்கள் உண்டு, பொத்தானை அழுத்தினால் ஆள் பேசுவார்.

ஆனால் இரவைப் பற்றி என்னால் அதே உறுதியோடு சொல்ல முடியாது. நான் ஆண், இரவு பதினொரு மணி எஸ்-பானில் எனக்கு உறைக்காத ஒன்று உங்களுக்கு உறைக்கலாம். என்னோடு நடந்த மாணவிகள் சொன்னதை மட்டும் சொல்கிறேன்: காலிப் பெட்டியில் உட்காராமல் ஓட்டுநருக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறுவது, யாராவது தொந்தரவாகப் பட்டால் காரணம் யோசிக்காமல் அடுத்த நிறுத்தத்தில் பெட்டி மாறுவது, தங்குவதாக இருந்தால் பெண்களுக்கு மட்டுமான அறை உள்ள விடுதி. நிற வெறுப்பும் இல்லை என்று சொல்லமாட்டேன். பெர்லினில் தினமும் அதை எதிர்பார்த்து நடக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு முறைப்போ ஒரு சொல்லோ வரலாம். வந்தால் அங்கே நின்று பதில் பேசாமல் ஆள் இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுங்கள். சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் இருந்தால் ஆர்இ ரயிலில் ரசிகர்கள் பீரும் பாட்டுமாக நிறைந்திருப்பார்கள், பெரும்பாலும் வெறும் சத்தம்தான், பிடிக்காவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போங்கள்.

மொழிக்குக் கவலை வேண்டாம். பெர்லினில் ஆங்கிலம் ஓடும். ‘என்ட்ஷுல்டிகுங்’ (மன்னிக்கவும்) என்று ஆரம்பித்துவிட்டு ஆங்கிலத்தில் கேளுங்கள், அந்த ஒரு சொல்லுக்கே முகம் இளகும். தனியாகச் சாப்பிட உட்காரத்தான் பலருக்குக் கூச்சம். இங்கே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நின்றுகொண்டே தனியாகச் சாப்பிடுகிறவர்கள் பாதி ஊர். மேசை நிறைந்திருந்தால் காலி நாற்காலியைக் காட்டி உட்காரலாமா என்று கேட்டு அறிமுகமில்லாதவரோடு உட்காருவதும் சாதாரணம், அவர் பேசவேண்டும் என்று கட்டாயமில்லை.

மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு சோர்வு வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். கால் வலி, பசி, எதற்கு வந்தோம் என்ற எண்ணம், மூன்றும் சேர்ந்து வரும். அப்போது வீடு திரும்பும் முடிவை எடுக்காமல் முதலில் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். அம்மா வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவரோடு பேச அது நல்ல நேரம். கோடையில் ஊரில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. போகும் முன் வாதாடுவதைவிட ஓடுபாதையில் நின்று வீடியோவில் காட்டினால் அவருக்கே கொஞ்சம் புரியும். அதற்காகச் சொல்லாமல் போகச் சொல்லவில்லை. எந்த ரயில், எந்த நேரம், எப்போது திரும்புவேன் என்பதை வீட்டுக்கும், மாக்டெபுர்க்கில் உங்களோடு தங்கியிருப்பவர் ஒருவருக்கும் எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

தனியாகப் போனால்தான் ஒரு ஊர் புரியும் என்று நான் நம்புகிறேன், ஆனால் இது என் நம்பிக்கை, எல்லோருக்கும் பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். இப்படிப் போய்விட்டு வந்து எனக்கு இது ஒத்துவரவில்லை என்று சொன்ன மாணவர்களும் உண்டு, அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று. உங்கள் கேள்வியில் தூக்கம் சரியாக வருவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. கூட வர ஆளில்லாத வருத்தம் வேறு, வாரக்கணக்கில் தூங்காமல் யாரோடும் பேசப் பிடிக்காமல் இருப்பது வேறு. இரண்டாவதாக இருந்தால் ஒருநாள் பயணம் அதைச் சரி செய்யாது, எழுதியே நான் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மாணவர் நலச் சேவை மையத்தில் உளவியல் ஆலோசனை கிடைக்கும், பெரும்பாலும் இலவசம், ஆங்கிலத்திலும் பேசுவார்கள். தயவுசெய்து முதலில் அங்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

கடைசியாகத் தேதி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், திங்களன்று அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம். சனிக்கிழமை காலை ஏழு எட்டு மணி வண்டி எனக்குப் பிடித்தது. வார இறுதிகளில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், பலகையில் எஸ்இவி என்று போட்டிருக்கும், அதனால் முந்தின நாள் இரவு டிபி நேவிகேட்டர் என்ற ரயில் செயலியில் உங்கள் வண்டியை ஒருமுறை பாருங்கள். திரும்பும்போது கடைசி வண்டிக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். எல்லா ஆர்இ 1 வண்டியும் மாக்டெபுர்க் வரை வராது, சில பிராண்டன்புர்க்கிலேயே நின்றுவிடும், பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அந்த வாரம் பாதையில் ஏதாவது வேலை நடக்கிறதா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.